மாயர்கள் சொன்ன ஆரூடமும் சொல்லாத ஆரூடமும்

மெக்சிகோவின் தபாஸ்கோ மாநிலத்தில் தோர்துகேரோ என்று ஓர் இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது சின்னதொரு மாயர் நகரம். 1960-களில் நடந்த சிமென்ட் ஆலை வேலையில் அதன் பெரும்பகுதி நாசமாகிவிட்டது. மிஞ்சியவற்றில் ‘டி’ எழுத்து வடிவில் ஒரு கல்வெட்டு உண்டு. அதுவும் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. ஆய்வாளர்கள் அதை ஆறாம் எண் நினைவுக்கல் என்கிறார்கள். 2012 டிசம்பரில் உலகம் அழியும் என்று மாயர்கள் சொன்னதாக உலகமே பேசியதே, அதற்கு மாயர்கள் கையால் எழுதிய சாட்சி என்று காட்ட இந்த உடைந்த கல்லை விட்டால் பெரிதாக வேறொன்றும் இருக்கவில்லை.

கல்லில் என்னதான் இருக்கிறது? பாலம் அஹாவ் என்ற அரசனின் பெருமைகள், அவன் வென்ற போர்கள், கி.பி. 669-ல் ஒரு கட்டடத்தை அர்ப்பணித்த சேதி. கடைசியில் எழுத்து திடீரென்று எதிர்காலத்துக்குத் தாவுகிறது. பதின்மூன்றாவது பக்துன் (சுமார் 394 வருடம் கொண்ட ஒரு கால அளவு) நிறைவடையும், அன்றைய நாள் மாயர் நாட்காட்டியில் 4 அஹாவ் 3 கன்கின், அன்று ஒன்று நடக்கும் என்கிறது. என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எழுத்து சிதைந்து கிடக்கிறது. அதற்குப் பிறகு போலோன் யோக்தே என்ற தெய்வத்தின் பெயர் வருகிறது. 2010-ல் இந்தக் கல்லை வரிவரியாக ஆராய்ந்த ஸ்வென் க்ரோனமையர், பார்பரா மக்லியோட் இருவரின் வாசிப்புப்படி, அன்றைக்கு அந்தத் தெய்வத்தை அலங்கரித்துக் காட்சிக்கு வைப்பார்கள். அவ்வளவுதான். நெருப்பு, வெள்ளம், மோதல் எதுவும் கிடையாது. 1,343 வருடத்துக்குப் பிறகு வரப்போகும் ஓர் உற்சவத்தின் அறிவிப்பு என்றே எனக்குப் படுகிறது.

மாயர்கள் ஆரூடமே சொல்லாதவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நிறையவே சொன்னார்கள். ஆனால் அவர்கள் சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லை, சொல்லாதது உலகம் சுற்றியது. இது எப்படி ஆனது என்பதைப் பார்க்க முதலில் அந்த நாட்காட்டியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மாயர்களிடம் ஒரே நேரத்தில் மூன்று கணக்குகள் ஓடின. முதலாவது 260 நாள் சடங்குக் கணக்கு. 20 நாள்பெயர்களும் 1 முதல் 13 வரையிலான எண்களும் சேர்ந்து சுழல்வது. இரண்டாவது 365 நாள் ஆண்டு. 20 நாள் கொண்ட 18 மாதங்கள், மிச்சம் 5 நாள். அந்த ஐந்தும் ஆகாத நாட்கள். இந்த இரண்டும் சேர்ந்து, ஒரு நாள் அதே பெயரோடும் அதே தேதியோடும் மறுபடி வர 18,980 நாட்கள், அதாவது ஏறக்குறைய 52 ஆண்டுகள் ஆகும். தமிழ் வாசகருக்கு இதை விளக்குவது சுலபம். பிரபவ, விபவ என்று தொடங்கும் நம் அறுபது ஆண்டுச் சுழற்சியும் இதே மாதிரிதான். ‘ஆனந்த வருஷம் பிறந்தவர்’ என்று மட்டும் சொன்னால் எந்த ஆனந்த வருஷம் என்று தெரியாது. அந்தச் சிக்கலுக்காகத்தான் பஞ்சாங்கத்தில் கலியுகம் தொடங்கி இத்தனையாவது ஆண்டு, இத்தனையாவது நாள் என்று ஒரு நீளக் கணக்கும் போடுகிறார்கள். மாயர்களின் மூன்றாவது கணக்கும் அந்த வேலையைத்தான் செய்தது. தொடக்க நாளிலிருந்து இதுவரை எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே போவது.

அந்த நீளக் கணக்கின் அளவுகள் இவை: ஒரு நாள் ஒரு கின். 20 கின் ஒரு வினால். 18 வினால், அதாவது 360 நாள், ஒரு துன். 20 துன் சேர்ந்தால் 7,200 நாள். அது ஒரு கதுன், நம் கணக்கில் 20 வருடத்துக்குச் சற்றுக் குறைவு. 20 கதுன் ஒரு பக்துன், 1,44,000 நாள், சுமார் 394 வருடம். தேதியை இடமிருந்து வலமாக ஐந்து எண்களில் எழுதிவிடலாம். 9.13.0.0.0 என்றால் 9 பக்துன், 13 கதுன் முடிந்த நாள், நமக்கு அது கி.பி. 692. சுழியத்துக்கும் அவர்களிடம் தனி அடையாளம் இருந்தது.

கணக்கின் தொடக்க நாள் கி.மு. 3114 ஆகஸ்ட் 11. அப்போது மாயர் எழுத்தும் கிடையாது, மாயர் நகரங்களும் கிடையாது. நீளக் கணக்கில் எழுதப்பட்டுக் கிடைத்த மிகப் பழைய தேதிகளே கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவையும் மாயர் பகுதிக்கு வெளியே சியாபா தெ கோர்சோ, திரெஸ் சபோதெஸ் போன்ற இடங்களில் கிடைத்தவை. ஆக, தொடக்க நாள் பின்னோக்கிப் போய்க் குறித்ததுதான். (கலியுகத் தொடக்கம் கி.மு. 3102 என்பார்கள். இரண்டுக்கும் 12 வருடம்தான் இடைவெளி என்று காட்டி, இதில் ஏதோ ரகசியம் இருப்பதாக எழுதுபவர்கள் உண்டு. கலியின் அந்த ஆண்டும் வானியல் கணக்குக்காகப் பின்னோக்கிக் குறிக்கப்பட்டது என்பதே பொதுவான கருத்து. இரண்டு பேர் தனித்தனியே பின்னால் போய் ஒரு புள்ளி வைத்தார்கள், பக்கத்தில் விழுந்துவிட்டது.)

இங்கேதான் ஒரு நுணுக்கம் வருகிறது, 2012 கதைக்கு உண்மையிலேயே கொஞ்சம் இடம் கொடுக்கும் நுணுக்கம். அந்தத் தொடக்க நாளை மாயர்கள் 0.0.0.0.0 என்று எழுதவில்லை, 13.0.0.0.0 என்று எழுதினார்கள். குவாதமாலாவின் கிரிகுவாவில் இருக்கும் ‘சி’ நடுகல் அன்றைக்கு மூன்று கற்கள் நாட்டப்பட்டதைச் சொல்கிறது. இப்போதைய உலகின் தொடக்கம் அது. அதற்கு முந்தைய ஒரு காலம் 13 பக்துனோடு முடிந்து, அதன் பின் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து போனது. அப்படியானால் இந்த உலகமும் 13 பக்துன் முடிந்ததும் முடியும்தானே என்று கேட்கத் தோன்றும். 13 பக்துன் என்றால் 18,72,000 நாட்கள், சுமார் 5,125 வருடம். கி.மு. 3114 ஆகஸ்டிலிருந்து எண்ணினால் கி.பி. 2012 டிசம்பர் 21-ல் வந்து நிற்கும்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதிலை மாயர்களே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். பலென்கே நகரத்தை ஆண்ட கினிச் ஹனாப் பகால் 615-ல் 12 வயதில் பட்டமேறினான். அவனைப் புதைத்த கல்வெட்டுக் கோயிலில், அவன் பட்டமேறிய நாள் 52 ஆண்டுச் சுழற்சியில் 80 முறை திரும்பி வரும் நாளைக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். அது கி.பி. 4772 அக்டோபர் 21. அதற்கு எட்டு நாள் முன்பு 20 பக்துன்கள் முழுசாக நிறைந்து, அடுத்த பெரிய அளவு ஒன்று முடியும் என்றும் அதே கல் சொல்கிறது. அதாவது இந்தத் தடவை எண்ணிக்கை 13-ல் நிற்காது, 14, 15 என்று 20 வரை போகும் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்தார்கள். 2012-ல் உலகம் அழியும் என்று நம்புகிறவன் தன் ராஜாவின் பட்டாபிஷேக நாளை 4772-க்குக் குறித்து வைப்பானா? கோபா நகரத்து முதல் நடுகல் இன்னும் ஒரு படி மேலே போய், பக்துனுக்கு மேலே வரிசையாகப் பல படிகளை வைத்து எழுதுகிறது. அந்த எண்ணுக்கு முன்னால் நம் பிரபஞ்சத்தின் வயதே ஒன்றுமில்லை.

2012-ம் ஆண்டிலேயே குவாதமாலாவில் இரண்டு புதுச் சேதிகள் வந்தன. ஷுல்துன் என்ற இடத்தில் ஒரு சின்ன அறை. ஒன்பதாம் நூற்றாண்டில் யாரோ கணக்கர்கள் சுவரிலேயே நிலா, செவ்வாய், வெள்ளி கணக்குகளை எழுதிப் பார்த்திருக்கிறார்கள். அவை பல ஆயிரம் வருடங்களைத் தொட்டுப் போகின்றன. மற்றது லா கொரோனா. கொள்ளையர்கள் தோண்டிக் கலைத்துவிட்டுப் போன படிக்கட்டுக் கற்களில், பதின்மூன்றாவது பக்துன் முடியும் நாளைச் சொல்லும் இரண்டாவது கல்வெட்டு கிடைத்தது. தோர்துகேரோவுக்குப் பிறகு தெளிவாகப் படிக்கக் கிடைத்தது இதுதான்.

லா கொரோனா கல்லைச் சற்று நின்று பார்க்கலாம், ஏனென்றால் மாயர்கள் எதிர்காலத் தேதிகளை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது அதில் பளிச்சென்று தெரிகிறது. கலக்முல் அந்தக் காலத்தில் ஒரு வல்லரசு. அதன் மன்னன் யுக்னூம் யிச்சாக் காக், 695-ல் தன் பரம எதிரியான திகாலிடம் படுதோல்வி அடைந்தான். அதோடு அவன் கதை முடிந்தது என்றே வரலாற்றாசிரியர்கள் நினைத்திருந்தார்கள். ஆனால் அடுத்த வருடம் அவன் லா கொரோனாவுக்கு விஜயம் செய்திருக்கிறான். கூட்டணி நகரங்கள் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் என்று ஊகிக்கலாம். கல்வெட்டில் அவனுக்குப் ‘பதின்மூன்று கதுன் அரசன்’ என்று பட்டம். 692-ல் பதின்மூன்றாவது கதுன் நிறைவுச் சடங்கை நடத்தி வைத்தவன் அவன்தான். கல் அங்கே நிற்காமல், 13 என்ற அதே எண்ணைப் பிடித்துக்கொண்டு பதின்மூன்றாவது பக்துன் நிறைவடையும் நாளுக்குப் போய் அவன் பெயரை அதோடு கோத்துவிடுகிறது. எழுத்தைப் படித்த டேவிட் ஸ்டூவர்ட் சொன்னதும் இதுதான்: இது ஆரூடமே அல்ல, அரசியல். தோற்றுப்போன ஒரு ராஜா தன் ஆட்சியைக் காலத்தின் பெரிய சக்கரத்தில் கட்டிவிடப் பார்க்கிறான்.

அந்தப் போரில் ஜெயித்த திகால் மன்னன் ஹசாவ் சான் கவீல், வெற்றியைக் கோயில் வாசலின் மேல்சட்டத்தில் செதுக்கி வைத்தான். அது சப்போட்டா மரம். ஆமாம், நாம் பழம் தின்னும் அதே சப்போட்டா. அதன் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். 2013-ல் அந்தச் சட்டத்தைக் கதிரியக்கக் கார்பன் முறையில் ஆராய்ந்தபோது 658-க்கும் 696-க்கும் இடையே என்று வந்தது. மாயர் தேதியை நம் தேதியோடு பொருத்தும் வழக்கமான கணக்கு சரிதான் என்பதற்கு இது நல்ல சான்று. அதாவது நாள் தப்பாகிவிட்டது, அழிவு இனிமேல்தான் வரும் என்று சமாளிக்க வழியில்லை. ஆனாலும் சமாளித்தார்கள், அதைப் பிறகு பார்ப்போம்.

சரி, மாயர்கள் சொன்ன ஆரூடம் எது? அது கதுனைப் பற்றியது. ஒவ்வொரு கதுனுக்கும் அது முடியும் நாளின் பெயரே பெயர். அப்படி 13 பெயர்கள். 13 கதுன் சுற்றி முடிக்கச் சுமார் 256 வருடம் ஆகும், பிறகு அதே பெயருள்ள கதுன் திரும்பி வரும். திரும்பி வரும்போது பழைய பலனையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும் என்பது நம்பிக்கை. பஞ்சமா, படையெடுப்பா, ஆட்சி மாற்றமா என்பதைப் போன சுற்றின் வரலாற்றைப் பார்த்துச் சொன்னார்கள். யுகாத்தான் ஊர்களில் ஸ்பானிய ஆட்சியின் கீழ் லத்தீன் எழுத்தில் எழுதி வைக்கப்பட்ட சிலம் பாலம் ஏடுகளில் இந்தக் கதுன் பலன்கள் நிறைய உண்டு. அவற்றில் ‘8 அஹாவ்’ கதுன் பேர்போனது. இட்சா என்ற மாயர் பிரிவினர் சிச்சேன் இட்சா நகரத்தை இழந்தது ஒரு 8 அஹாவில், மாயபான் நகரம் சிதைந்தது இன்னொரு 8 அஹாவில் என்று ஏடுகள் சொல்கின்றன.

அடுத்த 8 அஹாவ் 1697 நடுவில் தொடங்க வேண்டியிருந்தது. அப்போது இட்சா மக்களின் கடைசி ராஜ்ஜியம் பெத்தேன் ஏரியின் நடுவே நோஹ்பெத்தேன் தீவில் இருந்தது. ஸ்பானியர் வந்து ஏறக்குறைய 180 வருடமாகியும் அவர்கள் கைக்கு எட்டாத ராஜ்ஜியம். 1696 ஜனவரியில் ஆந்த்ரேஸ் தெ அவெந்தாஞோ என்ற பிரான்சிஸ்கன் பாதிரியார் அங்கே போனார். மனிதர் மாயர் மொழியும் கதுன் கணக்கும் கற்றவர். மன்னன் கான் ஏக்கிடம் அவர் பைபிளை மட்டும் காட்டவில்லை. உங்கள் கணக்குப்படியே காலம் மாறப் போகிறது, கிறிஸ்தவத்தை ஏற்கும் நேரம் வந்துவிட்டது என்று வாதாடினார். மன்னன் அசைந்து கொடுத்ததாகத் தெரிகிறது. மற்ற தலைவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பாதிரியார் ராத்திரியோடு ராத்திரியாகத் தப்பி ஓட வேண்டியதாயிற்று. 1697 மார்ச் 13-ல் மார்த்தின் தெ உர்சுவாவின் படை தீவைப் பிடித்தது, புதுக் கதுன் பிறக்கச் சில மாதங்களே இருந்தபோது. ஆரூடம் பலித்ததா, ஆரூடத்தை நம்பியதால் எதிர்ப்புப் பலவீனமானதா, அல்லது பீரங்கி வைத்திருந்தவன் எந்தக் கதுனிலும் ஜெயித்திருப்பானா? மூன்றாவதுதான் என் கட்சி. ஆனால் மாயர் ஆரூடம் எப்படி வேலை செய்தது என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஊர், ராஜா, இருபது வருடம் என்று எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. உலகம் முழுக்க அழியும் என்பது அதில் இல்லை.

உலக அழிவு எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? பல திசைகளிலிருந்து.

ஒன்று ஏடு. 1562-ல் மனி என்ற ஊரில் தியெகோ தெ லாந்தா பாதிரியார் மாயர் ஏடுகளைக் குவித்துக் கொளுத்தினார். அன்றும் மற்ற நாட்களிலும் அழிந்தது போக இன்று மிஞ்சியவை நான்கே. அதில், ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் இருக்கும் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் வானத்திலிருந்து முதலை போன்ற ஒரு பிராணி தண்ணீரைக் கொட்டுகிறது, கீழே ஒரு கிழட்டுத் தெய்வம் குடத்தைக் கவிழ்க்கிறது. நீளக் கணக்கை முதலில் புரிந்துகொண்ட எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டமன், ட்ரெஸ்டன் நூலகத்தில் வேலை பார்த்தவர், அந்தப் படத்தை உலக முடிவு என்று எடுத்துக்கொண்டார். பக்கத்தில் 2012 என்றோ 13 பக்துன் என்றோ எதுவும் இல்லை. மழைக்காலம் என்றும் வாசிக்கலாம், பழைய வெள்ளக் கதை என்றும் வாசிக்கலாம்.

இன்னொன்று அஸ்தெக்குகள், மெக்சிகோவின் வேறொரு பழைய இனம். இணையத்தில் ‘மாயன் காலண்டர்’ என்று சுற்றும் அந்த வட்டக் கல்லை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நடுவில் நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு முகம் இருக்கும். அது மாயருடையதே அல்ல. மெக்சிகோ நகரத்தின் பெரிய சதுக்கத்தில் 1790-ல் தோண்டியெடுத்த அஸ்தெக் சூரியக் கல், 3.6 மீட்டர் குறுக்களவு, 24 டன் எடை. உலக அழிவுப் பயம் நிஜமாகவே அஸ்தெக்குகளிடம் இருந்தது. நான்கு சூரியன்கள் ஏற்கெனவே அழிந்தன, ஐந்தாவது நிலநடுக்கத்தில் அழியும் என்பார்கள். 52 ஆண்டு முடியும் ஒவ்வொரு தடவையும் ஊரில் எல்லா நெருப்பையும் அணைத்துவிட்டு, புது நெருப்பு பற்றினால்தான் விடியும் என்று காத்திருந்தார்கள். கடைசியாக அதைச் செய்தது 1507-ல். இந்தப் பயத்தையும் மாயர்களின் நீண்ட கணக்கையும் ஒட்டவைத்தது இருபதாம் நூற்றாண்டு.

ஒட்டவைத்தவர்களில் அறிஞர்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க முடியாது. மைக்கேல் கோ மாயர் ஆய்வில் பெரிய பெயர். 1966-ல் வெளியான தன் அறிமுக நூலில், பதின்மூன்றாவது பக்துனின் கடைசி நாளில் உலகம் அழியும் என்று மாயர்கள் நம்பியிருக்கலாம் என ஒரு வரி எழுதினார். அந்த நாளை 2011 டிசம்பர் 24 என்று கணக்கிட்டிருந்தார். பிந்தைய பதிப்புகளில் 2013 ஜனவரிக்கும் பிறகு 2012 டிசம்பருக்கும் நாள் நகர்ந்தது. தேதி நகர்ந்தாலும் ‘அழியும்’ நகரவில்லை. அது 70-களின் மாற்றுக் கலாசாரக்காரர்கள் கைக்குப் போனது. டெரன்ஸ் மெக்கென்னா சீன யீ சிங் நூலிலிருந்து காலத்தின் வரைபடம் ஒன்றை உருவாக்கி, அதன் முடிவுப் புள்ளியைக் கடைசியில் 2012 டிசம்பர் 21-ல் கொண்டுபோய் நிறுத்தினார். ஹோசே அர்குவேயெஸ் 1987 ஆகஸ்ட் 16, 17-ல் உலகெங்கும் ஆட்களைத் திரட்டித் தியானம் செய்ய வைத்தார். இவர்களுக்கு 2012 அழிவு அல்ல, விழிப்பு. ஆனால் பரபரப்பான தேதி ஒன்று சந்தைக்கு வந்துவிட்டால், அதில் எதை ஏற்றி விற்பது என்பது விற்பவர் இஷ்டம்.

அப்புறம் ஏற்றினார்கள். டிசம்பர் 21-ல் சூரியன் பால்வெளியின் மையத்தோடு நேர்கோட்டில் வரும் என்றார்கள். உண்மையில் அந்த நாளின், அதாவது பகல் மிகக் குறுகிய நாளின், சூரியன் பால்வெளியின் நடுக்கோட்டைக் கடக்க 36 வருடம் போல ஆகிறது, சரியான நடுப்புள்ளி 1998-ல் போய்விட்டது, பால்வெளி மையமோ அங்கிருந்து ஆறு பாகை தள்ளியிருக்கிறது. துருவம் புரளும் என்றார்கள், சூரியப் புயல் சுட்டெரிக்கும் என்றார்கள். நிபிரு என்ற மறைவான கோள் வந்து மோதும் என்றார்கள். இந்தக் கதையில் முதலில் சொன்ன தேதி 2003 மே. அப்போது வராத கோளுக்கு 2012 டிசம்பரில் புது அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. அப்படி ஒன்று வருவதாக இருந்தால் 2012 தொடக்கத்திலேயே வெறும் கண்ணுக்கு வானத்தில் தெரிந்திருக்க வேண்டும் என்று நாசாவின் டேவிட் மாரிசன் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். 2009 நவம்பரில் ஹாலிவுட் படம் வேறு வந்தது. விளம்பரத்துக்காக ஒரு பொய் ஆராய்ச்சி நிறுவனத்தின் இணையதளத்தையே நடத்தினார்கள். அதை நிஜமென்று நம்பிப் பயந்தவர்கள் நாசாவுக்குக் கடிதம் எழுதினார்கள்.

2012-ல் 21 நாடுகளில் இப்சோஸ் என்ற நிறுவனம் எடுத்த கருத்துக் கணிப்பில் பத்தில் ஒருவர் மாயர் நாட்காட்டிப்படி உலகம் முடியலாம் என்றார். பிரான்சில் 200 பேர் வாழும் புகராஷ் கிராமத்தின் மலைக்குள் வேற்றுக்கிரகக் கப்பல் இருக்கிறது, நம்பி வந்தவர்களை ஏற்றிக்கொண்டு போகும் என்று வதந்தி கிளம்ப, போலீஸ் மலையேற்றத்தைத் தடுத்து நிறுத்தியது. சாமியார்களைவிடப் பத்திரிகையாளர்களே அதிகம் வந்தார்கள். சீனாவில் அழிவைப் பிரசாரம் செய்ததாக ஒரு மதக்குழுவைச் சேர்ந்த சுமார் 1,000 பேரைக் கைது செய்தார்கள். நாசா, ‘நேற்று உலகம் ஏன் அழியவில்லை’ என்ற காணொளியைப் பத்து நாள் முன்பே வெளியிட்டுவிட்டது.

மாயர்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அவர்கள் காணாமல்போன இனம் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. குவாதமாலாவிலும் தென் மெக்சிகோவிலும் பல லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். குவாதமாலா மலைகளில், மொமோஸ்தெனாங்கோ போன்ற ஊர்களில், 260 நாள் கணக்கை விடாமல் எண்ணிவரும் நாள்காப்பாளர்கள் இன்றும் உண்டு. நீளக் கணக்கு மட்டும் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. கல்லில் பொறித்த கடைசித் தேதி தொனினா நகரில், கி.பி. 909. அந்த மக்களுக்கு அழிவு என்பது ஆரூடமாக வரவில்லை. 1960 முதல் 1996 வரை நடந்த குவாதமாலா உள்நாட்டுப் போரில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல்போனார்கள் என்று 1999-ல் உண்மையறியும் ஆணையம் சொன்னது. அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயர்கள். பிறகு 2012-ல் அவர்கள் நாட்காட்டியை வைத்து அரசாங்கமும் சுற்றுலாக்காரர்களும் விழா எடுத்தபோது, ஒஷ்லஹூஹ் அஹ்போப் என்ற மாயர் அமைப்பு எரிச்சலோடு கண்டனம் செய்தது: எங்கள் பண்பாட்டை வியாபாரக் கூத்தாக்குகிறார்கள் என்று. டிசம்பர் 21 அன்று திகாலில் 7,000-க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். அவர்களில் சிலர் ஏறக் கூடாத இரண்டாம் கோயிலில் ஏறியதில் அதன் கற்கள் சரிசெய்ய முடியாதபடி சேதமாயின. அன்றைக்கு மாயர் உலகத்தில் நிஜமாக அழிந்தது அது ஒன்றுதான்.

நாள் தப்பிப்போனால் நம்பிக்கை போய்விடும் என்றுதான் நினைப்போம். 1954-ல் அமெரிக்காவில் ஒரு சின்னக் குழு வெள்ளம் வந்து உலகம் மூழ்கும் என்று காத்திருந்தது. அவர்கள் குறித்த நாளும் டிசம்பர் 21 என்பது தற்செயல். உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரின் ஆய்வாளர்கள் ஆதரவாளர்கள் மாதிரி உள்ளே புகுந்து கவனித்தார்கள். வெள்ளம் வரவில்லை. விடியும் நேரத்தில், உங்கள் பக்தியால் உலகம் தப்பியது என்று தலைவிக்குச் ‘செய்தி’ வந்தது. அதுவரை பத்திரிகைக்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தவர்கள் அதன் பிறகு தாங்களே அவர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டையும் வேலையையும் விட்டு வந்தவருக்கு, தப்பு செய்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்வதைவிடக் கணக்கைத் திருத்துவது சுலபம்.

2020 ஜூனில் அந்தத் திருத்தம் நம்மூர் வாட்ஸப் வரைக்கும் வந்தது. ஊரடங்கு, கொரோனா, போதாக்குறைக்கு ஜூன் 21 சூரிய கிரகணம். கணக்கு இப்படி: பிரிட்டன் 1752-ல் ஜூலியன் நாட்காட்டியிலிருந்து கிரெகோரியனுக்கு மாறியபோது வருடத்துக்கு 11 நாள் தொலைந்தது, 1752 முதல் 2020 வரை 268 வருடம், 268-ஐ 11-ஆல் பெருக்கினால் 2,948 நாள், 365-ஆல் வகுத்தால் 8 வருடம், ஆகவே இப்போதுதான் நிஜமான 2012. பெருக்கல் சரி, வகுத்தல் சரி. ஆனால் அந்த 11 நாள் தொலைந்தது ஒரே ஒரு தடவை, 1752 செப்டம்பரில். வருடா வருடம் தொலைந்திருந்தால் ஜனவரி எப்போதோ கோடையில் வந்திருக்கும். அதைவிட முக்கியம், மாயர் கணக்குக்கு ஜூலியனும் தெரியாது கிரெகோரியனும் தெரியாது. அது வருடத்தையே எண்ணுவதில்லை, நாளை எண்ணுகிறது. எந்த ஊர் நாட்காட்டியை மாற்றினாலும் சூரியன் உதிக்கும் எண்ணிக்கை மாறாது.

மாயர் முறைப்படியே ஆரூடம் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2012 டிசம்பர் 21-க்குப் பிறகு நாம் இருப்பது ‘2 அஹாவ்’ கதுன், 2032 செப்டம்பர் 7-ல் முடியும். இதற்கு முந்தைய 2 அஹாவ் 1756 முதல் 1776 வரை. அதில்தான், 1761-ல், யுகாத்தானில் ஹசிந்தோ கனேக் தலைமையில் மாயர்கள் ஸ்பானியருக்கு எதிராகக் கிளர்ந்தார்கள், அதே வருடம் மெரிதாவில் அவனைக் கொடூரமாகக் கொன்றார்கள். அதற்கும் முந்தையது 1500 முதல் 1520 வரை. 1511-ல் கப்பல் உடைந்து சில ஸ்பானியர்கள் யுகாத்தான் கரையில் ஒதுங்கினார்கள், 1517-ல் எர்னாந்தெஸ் தெ கோர்தோபாவின் கப்பல்கள் வந்தன, 1519-ல் கோர்தெஸ் கோசுமெல் தீவில் இறங்கினான். பழைய கதுன் கணக்கர் ஒருவர் இன்று இருந்தால் உலகம் அழியுமா என்று கேட்கமாட்டார். யுகாத்தான் கரைக்கு இந்தத் தடவை யார் வந்து இறங்குகிறார்கள், யார் எதிர்க்கிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்.